பிடித்த இணையதளங்களை ஒரே பக்கமாக்கி, நூலகச் சுவரில் ஒட்டுவது வரை

பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் உள்ள ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காகச் செய்த வேலை இது. பறவை பார்ப்பவர், தறி ஓட்டுபவர், கல்வெட்டு தேடுபவர், மஞ்சள் போட்டிருப்பவர் என்று ஆளுக்கொரு ருசி. அவரவருக்குப் பிடித்த இணையதளங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வதுதான் வழக்கம். அனுப்பியது மறுநாளே காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அதனால் எல்லாவற்றையும் ஒட்டுக்கா ஒரே எச்டிஎம்எல் கோப்பில் (உலாவியில் திறக்கும் இணையப் பக்கக் கோப்பு) எழுதி, இலவச இடத்தில் ஏற்றி, கியூஆர் குறிகளோடு ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவது என்று முடிவானது. கைக்காசு போனது அச்சுக்கும் லேமினேஷனுக்கும் மட்டும்.

எங்கேயோ இருக்கும் சேவையில் பட்டியலைச் சேர்த்து வைக்காமல் சொந்தக் கோப்பாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கூகுள் ரீடர் 2013-இல் மூடப்பட்டது. படிக்க வேண்டியதைச் சேர்த்து வைக்க உதவிய பாக்கெட் 2025-இல் நின்றது. கோப்பு நம் கையில் இருந்தால் இடம் மாற்றுவது அரை மணி நேர வேலை.

சேகரிப்பு

கணினியில் ஏற்கெனவே புக்மார்க் வைத்திருப்பவர்களிடம் அதையே வாங்கலாம். குரோமில் கண்ட்ரோலையும் ஷிஃப்ட்டையும் பிடித்துக்கொண்டு ஓ எழுத்தை அழுத்தினால் புக்மார்க் மேலாளர் திறக்கும். மூன்று புள்ளியைத் தொட்டு ஏற்றுமதி செய்தால் ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். ஆனால் அதை அப்படியே இணையத்தில் ஏற்றக் கூடாது. அதில் வங்கி, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் எந்த நாளில் சேர்த்தது என்பதும் நொடிக் கணக்கில் பதிவாகியிருக்கும். போதாததற்குத் தளங்களின் குட்டிச் சின்னங்கள் எழுத்துக் குவியலாக உள்ளே உட்கார்ந்து கோப்பைப் பருக்க வைக்கும். முகவரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அங்கேயே அழித்துவிட வேண்டும்.

போனில் மட்டும் புழங்குபவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தளத்தின் பெயர், எதற்காகப் பிடிக்கும், யார் சொன்னது. முகவரியைக் கையால் எழுதச் சொல்லக் கூடாது. எல் எழுத்துக்கும் ஒன்றுக்கும், ஓவுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வரும். பெயரை வைத்து நாமே தேடி, சொன்னவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

முகப்பைக் கொடுக்காதீர்கள்

இந்த வேலையில் பாதிப் பயன் இங்கேதான் இருக்கிறது. பறவை பார்த்ததைப் பதிவு செய்வதற்காகக் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்டு தளத்தின் முகப்பைக் கொடுத்தால் புதிதாகப் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "ஏனுங்க, இதுல எங்க அமுக்கோணும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதிலையே தொடுப்பாகக் கொடுக்க வேண்டும். இபேர்டில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கென்று தனிப் பக்கம் உண்டு. அதற்குள் பட்டை வரைபடம் உண்டு. ஒவ்வொரு மாதமும் நான்கு கட்டமாகப் பிரிந்திருக்கும். பட்டை தடிமனாக இருந்தால் அந்த வாரத்தில் அந்தப் பறவையை அதிகம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். பறவை பார்ப்பவர் சொல்ல வந்தது அந்த ஒரு திரையைத்தான், கார்னெல் ஆய்வகத்தின் முழுத் தளத்தை அல்ல.

அதே மாதிரி, மஞ்சள் போட்டவருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம் என்று சொன்னால் போதாது. மஞ்சளில் கிழங்கு அழுகல் பற்றிய பக்கத்தைக் கொடுக்க வேண்டும். பறவைக் குரலுக்கு ஜீனோ-கான்டோ தளத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் உண்டு. தள முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு அந்த எண்ணை மட்டும் இட்டால் அந்தக் குரலே திறக்கும். யூடியூப் காணொளியில் 12 நிமிடம் 34 நொடியில்தான் விஷயம் இருக்கிறது என்றால், முகவரியின் கடைசியில் & குறி (முகவரியில் கேள்விக்குறி இல்லாவிட்டால் அதற்குப் பதில் கேள்விக்குறி), சிறிய டி எழுத்து, சமக்குறி, 754 என்று சேர்த்தால் அங்கிருந்து ஓடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைபடத்தை நகர்த்தும்போதே முகவரிப் பட்டையில் அண்மை (ஜூம்) அளவும் அட்ச, தீர்க்க ரேகைகளும் மாறிக்கொண்டே வரும். காலிங்கராயன் வாய்க்கால் பவானி ஆற்றிலிருந்து பிரியும் இடத்தை 16-ஆம் அளவில் வைத்து அந்த முகவரியை எடுத்துவிட்டால், திறப்பவர் கண்முன் அணைக்கட்டே நிற்கும்.

பிடிஎஃப் நூல்களில் ஒரு சிக்கல். முகவரியின் பின்னால் ஹேஷ் குறி போட்டு, பேஜ் என்று ஆங்கிலத்தில் எழுதி, சமக்குறி, எண் என்று சேர்த்தால் கணினி உலாவி அந்தப் பக்கத்தில் திறக்கும். ஆனால் அது கோப்பின் பக்க எண். நூலில் அச்சான எண் அல்ல. முன்னுரை, பதிப்புரை எல்லாம் சேர்ந்து 10, 20 பக்கம் தள்ளிப்போயிருக்கும். போன்கள் பலவற்றில் இந்த எண் எடுபடாமல் முதல் பக்கமே திறக்கும். ஆகவே பிடிஎஃப் என்றால் குறிப்பிலேயே "கோப்பில் 51, நூலில் 35" என்று இரண்டையும் எழுதிவிடுவது வழக்கமாகட்டும்.

தேடல் முடிவுப் பக்கங்களை மட்டும் எடுக்கவே கூடாது. பல அரசுத் தளங்களில் தேடியதும் வரும் முகவரி அந்த அமர்வுக்கு மட்டும் உரியது. அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் வெற்றுப் பக்கமோ உள்நுழையச் சொல்லும் பக்கமோ வரும். எடுத்ததும் மறைநிலை (இன்காக்னிடோ) சாளரத்தில் ஒரு முறை திறந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். அணை நீர்மட்டம், வானிலை அறிக்கை போன்றவற்றில் கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். அங்கே அன்றைய கோப்பை விட்டு, அது பட்டியலாகும் தாய்ப் பக்கத்தைப் பிடிக்க வேண்டும்.

வாலை வெட்டுவது

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் வழியாக வந்த முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால் நீளமான வால் தொங்கும். யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கண்காணிக்க ஒட்டியது அது. யூடிஎம் என்று தொடங்கும் துண்டுகள், எஃப்பி கிளிக் ஐடி, யூடியூபின் எஸ்ஐ ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். கேள்விக்குறிக்குப் பின் உள்ளது எல்லாமே குப்பை என்று நினைத்து வெட்டினால் காணொளியின் அடையாளமும் போய்விடும். ஒவ்வொரு துண்டாக எடுத்து, எடுத்த பின் திறந்து பார்ப்பதே சரி.

குறிப்பு எழுதுவது

தொடுப்பு மட்டும் கொடுத்தால் அது தொலைபேசி விவரப் புத்தகம். பிடித்தவர் தன் வாயால் சொல்லும் காரணம் கூட இருந்தால்தான் இன்னொருவர் திறப்பார். "அருமையான தளம்", "பயனுள்ள தகவல்கள்" என்பவை எந்தத் தளத்துக்கும் பொருந்தும், அவற்றைத் திருப்பிக் கொடுத்து, "இதில் நீங்கள் கடைசியாக என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல வேண்டியது தானாக வரும். பக்கத்தில் போன ஒரு குறிப்பு இப்படி:

"தறிக் கட்டு வரைபடங்கள், ஹேண்ட்வீவிங் தளம். மேலே கிடைமட்டமாக உள்ள கட்டங்கள் பாவு இழை எந்த விழுதில் கோக்க வேண்டும் என்று சொல்லும். பக்கவாட்டில் செங்குத்தாக உள்ளவை மிதிக்கும் வரிசை. மூலையில் உள்ள சின்னச் சதுரம் எந்த மிதிக்கு எந்த விழுது எழும் என்பது. நடுவில் தெரிவது துணி. நாலு விழுதில் முடியும் டிசைன்களைத் தனியாகத் தேடலாம். மொழி ஆங்கிலம், கட்டத்தைப் படிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை."

ஜமக்காளம், பெட்ஷீட் நெய்கிற ஊரில் இந்தக் குறிப்பைப் படித்தவர் அந்தத் தளத்தைத் திறக்காமல் போகமாட்டார். குறிப்பின் அடியில் சிறிய எழுத்தில் நான்கு விவரம்: மொழி, கணக்குத் தொடங்கச் சொல்லுமா, போனில் சரியாகத் தெரியுமா, கடைசியாகச் சரிபார்த்த மாதம். முழுப் பெயரும் போன் எண்ணும் வேண்டாம். "பறவைக்காரர்", "தறிக்காரர்" என்று போட்டால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வரிசையைப் பொறுத்தவரை அகரவரிசை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒருவருடைய ருசி ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால்தான் ஆள் தெரியும். அகரவரிசைதான் வேண்டும் என்றால் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டு வரிசைப்படுத்துங்கள். வெறும் யூனிகோடு எண் வரிசையில் ன எழுத்து ந எழுத்தின் பின்னால் வந்து நிற்கும். ற, ல, ள, ழ, வ என்று இடையினமும் வல்லினமும் கலந்து வரும்.

கோப்பு

நோட்பேட் போல வெறும் எழுத்தை மட்டும் சேமிக்கும் நிரலில் எழுதுங்கள். வேர்டில் எழுதி ஒட்டினால் நேர் மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும். முகவரியைச் சுற்றி வளைந்த குறி இருந்தால் தொடுப்பு வேலை செய்யாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும் என்பதால் கண்டுபிடிக்கவும் நேரம் பிடிக்கும்.

தலைப்பகுதியில் இரண்டு வரி தவறக் கூடாது. ஒன்று, எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி. அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில உலாவிகள் மேற்கத்திய குறியாக்கம் என்று ஊகித்துவிடும். தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் மூன்று பைட். முதல் இரண்டு பைட் பெரும்பாலும் ஒன்றே என்பதால்தான் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. அதைக் கண்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மெட்டா வரியைப் போட்டால் சரியாகிவிடும். மற்றொன்று வியூபோர்ட் வரி. அது இல்லாவிட்டால் போன் இந்தப் பக்கத்தை 980 பிக்சல் அகலக் கணினிப் பக்கமாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். எழுத்து எறும்பு அளவில் தெரியும்.

வரி உயரம் 1.6-க்குக் குறையாமல் வையுங்கள். தமிழில் மேலே விலங்குச் சுழியும் கீழே உகரக் கொக்கியும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதும் இடைவெளி நமக்குப் போதாது. படம் வேண்டாம். நாற்பது குறிப்பு, ஒவ்வொன்றும் ஐம்பது சொல் என்றால் கோப்பு சுமார் 65 கேபிதான் வரும். சிக்னல் குறைந்த காட்டுப் பக்கத்திலும் திறக்கும்.

ஏற்றுவதற்கு கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டும் இலவசம். இரண்டிலும் 1 ஜிபி வரை இடம் உண்டு, நமக்கு அதில் ஒரு துளிகூடத் தேவைப்படாது. கோப்பின் பெயர் இண்டெக்ஸ் (index.html) என்று முழுக்கச் சிறிய ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. அந்தச் சேவைகளின் வழங்கிகள் (சர்வர்கள்) பார்க்கும். கணினியில் திறந்த பக்கம் ஏற்றியதும் 404 (பக்கம் இல்லை) காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கியூஆர் குறி

குறியில் எவ்வளவு எழுத்து ஏறுகிறதோ அவ்வளவு கட்டம் கூடும். ஒரு புறத்துக்குக் குறைந்தது 21 கட்டம், அதிகம் 177. தமிழ் முகவரிகள் இங்கே மாட்டிக்கொள்ளும். முகவரிக்குள் வரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து ஒன்பது ஆங்கில எழுத்தாக விரியும். கொடுமணல் என்பதில் எட்டு எழுத்துக்குறி; அதுவே 72 ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் முன்பகுதி 30. மொத்தம் 102 எழுத்து. நடுத்தரப் பிழைதிருத்தத்தில் (சுமார் 15 சதவீதம் சேதமானாலும் படிக்கும் நிலை) இதற்கு 41 கட்டக் குறி வேண்டும். விக்கிமீடியாவே தன் தளங்களுக்கென்று குறுமுகவரிச் சேவை நடத்துகிறது. கட்டுரைப் பக்கத்தின் கருவிப் பட்டியிலேயே கிடைக்கும். அதில் சுருக்கினால் 25 கட்டத்தில் முடிந்துவிடும்.

மற்ற தளங்களுக்குப் பொதுவான குறுமுகவரிச் சேவைகளைத் தவிர்ப்பது நல்லது. கூகுளின் சேவையே 2019-இல் புதிய முகவரி தருவதை நிறுத்தியது. இலவசமாகக் கியூஆர் தரும் சில தளங்கள் "டைனமிக்" குறி என்று கொடுப்பவை இன்னும் மோசம்: குறிக்குள் இருப்பது அவர்களுடைய முகவரி, நம்முடையது அல்ல. சோதனைக் காலம் முடிந்ததும் பணம் கட்டு என்று நிற்கும். கணினிக் குரோமில் பக்கத்தைத் திறந்து, பகிர்வதற்கான பட்டியில் கியூஆர் உருவாக்கச் சொன்னால் நடுவில் டைனோசர் படத்தோடு ஒரு குறி வரும். அதற்குள் நேரடி முகவரியே இருக்கும், காலாவதி கிடையாது.

பிழைதிருத்தம் நான்கு நிலை: சுமார் 7, 15, 25, 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும். 30 என்றால் உறுதி என்று எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். நிலை கூடக் கூடக் கட்டம் பொடியாகும். பழைய போனின் கேமராவுக்கு அழுக்கை விடப் பொடிக் கட்டம்தான் பெரிய தொந்தரவு. லேமினேட் செய்து உள்ளே ஒட்டும் தாளுக்கு 15 போதும்.

அளவுக்கு எளிய கணக்கு: எவ்வளவு தூரத்தில் நின்று போனை நீட்டுவார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு. 40 சென்டிமீட்டர் என்றால் 4 சென்டிமீட்டர் குறி. குறியின் நாலு புறமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட வேண்டும். டிடிபி கடையில் அழகுக்காகப் பூ பார்டரை ஒட்டிப் போட்டுவிடுவார்கள். அந்த வெள்ளை போனால் குறி எங்கே தொடங்குகிறது என்று கேமராவுக்குத் தெரியாது. கடைக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். போட்டோ என்றால் சுருக்கி, கட்டத்தின் ஓரத்தை மங்கலாக்கிவிடும்.

லேமினேஷன் மேட் ஆக இருக்கட்டும். பளபளப்பு உறையில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து குறியை மறைக்கும். லேசர் அச்சு நல்லது. இன்க்ஜெட் மை சன்னலோர வெயிலில் வெளுக்கும். மஞ்சள் தாளில் கருப்பு மை படிக்கும், வெள்ளைத் தாளில் மஞ்சள் மை படிக்காது. ஒட்டுவதற்கு முன் இருப்பதிலேயே பழைய போனைக் கொண்டு, சாயங்கால வெளிச்சத்தில் ஒவ்வொரு குறியையும் சோதியுங்கள்.

ஒரு தாளில் எட்டுக் குறிக்கு மேல் போட்டால் பக்கத்துக் குறியையும் சேர்த்துப் பிடித்து வேறு பக்கம் திறக்கும். மேலே பெரிதாக முழுப் பட்டியலுக்கு ஒன்று, கீழே ஆளுக்கு ஒன்றாக ஐந்தாறு போதும். ஒவ்வொன்றுக்கும் அடியில் முகவரியை எழுத்திலும் போடுங்கள். குறியின் மேல் வேறெதையாவது யாராவது ஒட்டிவிட்டால் கண்டுபிடிக்க அதுதான் வழி.

செத்த தொடுப்புகள்

தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று ஆண்டுக்கு நான்கு முறை சரிபார்த்தால் பக்கம் உயிரோடு இருக்கும். நாற்பது தொடுப்பைக் கையால் திறப்பதே நம்பகமானது. எண்ணிக்கை கூடினால் கர்ல் நிரல் உதவும். விண்டோஸ் 10-இல் 2018 முதல் கூடவே வருகிறது. முகவரிகளை வரிக்கொன்றாக வைத்து, பக்கத்தை இறக்காமல் வழங்கி அனுப்பும் பதிலின் தலைப்பை (ஹெடர்) மட்டும் கேட்கச் சொன்னால் எண் வரும். 200 நலம். 301 நிரந்தரமாக இடம் மாறியது, புதிய முகவரியைப் பதியுங்கள். 302 தற்காலிகம், விட்டுவிடலாம். 404, 410 இல்லை என்று பொருள். 403, 405 வந்தால் உடனே நீக்காதீர்கள். நிரல் என்று கண்டு தடுத்திருப்பார்கள், அல்லது தலைப்பை மட்டும் கேட்பதை அந்த வழங்கி ஏற்காமல் இருக்கும்; உலாவியில் திறந்தால் பெரும்பாலும் திறக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று எச்சரிக்கை வந்தாலும் பெரும்பாலும் சில நாளில் புதுப்பிப்பார்கள். அதுவரை குறிப்பில் எழுதி வைத்தால் போதும், எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லக் கூடாது.

எண்ணை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். உள் பக்கம் போய்விட்ட சில தளங்கள் முகப்பைக் காட்டி 200 என்றே சொல்லும். களப்பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிச் சூதாட்டப் பக்கம் போட்டிருந்தாலும் 200தான் வரும். பிள்ளைகள் வரும் நூலகத்தில் இரண்டாவது வகை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

போன பக்கத்தை மீட்க இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் இருக்கிறது. அதன் முகவரிக்குப் பின் வெப், சாய்கோடு, ஆண்டு நான்கு இலக்கம், சாய்கோடு, பழைய முகவரி என்று கொடுத்தால் அந்த ஆண்டுக்கு நெருக்கமான பிரதி வரும். பட்டியலில் சேர்க்கும் நாளிலேயே ஒவ்வொரு பக்கத்தையும் அங்கே சேமிக்கச் சொல்லிவிட்டால் பிற்பாடு தேட வேண்டியதில்லை. தனி ஆட்கள் நடத்தும் தமிழ்த் தளங்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். களப்பெயருக்கு ஒரு வருடம் பணம் கட்டாமல் விட்டாலே பத்து வருட எழுத்து காணாமல் போகும்.

பழைய தமிழ்த் தளங்களில் எழுத்து குழம்பித் தெரிந்தால் அது செத்த தளம் அல்ல. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்திலோ பாமினி எழுத்துருவிலோ இருக்கும். பகுதியை நகலெடுத்து எழுத்துரு மாற்றியில் போட்டால் படிக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியது; அதன் தொடக்க ஆண்டுகளில் நூல்கள் டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் வெளியாயின. பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. அங்கே ஒரே நூல் இரு குறியாக்கத்திலும் கிடைத்தால் யூனிகோடு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், மீட்பு மின்னஞ்சல் தனி ஒருவருடையதாக இருக்கக் கூடாது. கோப்பின் நகல் ஒன்று நூலகக் கணினியில், ஒன்று பென்டிரைவில். நெட் இல்லாத நேரத்தில் அதை இரட்டைச் சொடுக்கினாலும் குறிப்புகள் எல்லாம் திறந்து படிக்கக் கிடைக்கும். பெரிய குறி பக்கத்தையே சுட்டுவதால் பட்டியல் மாறினாலும் சுவர்த் தாளை மாற்ற வேண்டியதில்லை. கீழே உள்ள ஐந்தாறில் ஏதாவது மாறினால் மட்டும் புதிதாக அச்சிட்டு, மூலையில் மாதமும் ஆண்டும் போட்டு ஒட்டுங்கள்.